வரிசையில் கடைசி ஆள்

தீவிலிருந்து இப்ராஹிம் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். கீழக்கரைக்காரர். நான் வேலை பார்த்த விடுதியில் இப்போது அலுவலகத்தைக் கவனிக்கிறவர்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? இங்க ட்ரெயில்ல கடைசி ஆள் டூட்டிய எடுத்துரலாம்னு பேசிக்கிறாங்க. கெஸ்ட் கையில ஒரு வாட்ச்ச கட்டிவிட்டா யாரு எங்க நிக்கிறாங்கன்னு ஆபீஸ்லயே தெரிஞ்சுருமாம். அந்த ரூல் முதல்ல ஏன் வந்துச்சுன்னு மேனேஜர் கேக்குறாரு. பழைய ரிஜிஸ்டர்ல தேதி மட்டுந்தான் இருக்கு, காரணம் இல்ல. ரெண்டு வரி எழுதி அனுப்புங்கண்ணே."

இரண்டு வரியில் எழுதலாம்தான். 'பாதுகாப்பு கருதி ஏற்படுத்தப்பட்டது' என்று எழுதினால் மேனேஜருக்குப் போதும். ஆனால் அந்த விதி வந்ததற்குக் காரணம் நான். அதனால் முழுக்க எழுதுகிறேன். இப்ராஹிம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்குத் திருமயம் பக்கம் ஊர். அப்பா கல் உடைத்தார், நானும் உடைத்தேன். பிறகு கத்தார் போய் ராஸ் லஃபானில் ஆறு வருஷம், எரிவாயுக் குழாய்களைத் தாங்கும் அடித்தளங்களுக்குக் கான்கிரீட் போட்டேன். அது முடிந்து ஊருக்கு வந்த நான்காவது மாதம், ஓமனில் கல்வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னான். போய் இறங்கின பிறகுதான் அது ஒரு தீவு என்று தெரிந்தது. கரையிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம்.

வெப்பமண்டலத் தீவில் மலை நடை என்றுதான் விடுதியின் விளம்பரம் இருக்கும். தென்னந்தோப்பை நினைத்துக்கொண்டு வரும் விருந்தினர்கள் துறையில் இறங்கி ஒரு நிமிஷம் அப்படியே நிற்பார்கள். எதிரே கறுத்த மொட்டை மலை, உப்புக்காற்று, நாலைந்து வேலமரம், ஆடுகள். அவ்வளவுதான். ஆனால் ஏறி முகட்டுக்குப் போய்விட்டால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். அங்கே வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த முகட்டுக்குப் போய், அதன் மேலேயே நடந்து, மறுபக்கம் ஆமைகள் கரையேறும் கடற்கரையில் இறங்கும் பாதைக்கு மேற்குப் பாதை என்று பெயர். இரண்டு குளிர்காலம் உழைத்து அதைப் போட்டவர்கள் நானும் இன்னும் நான்கு பேரும்.

மலைப்பாதையில் படிக்கல் வைப்பது வீட்டுக்குப் படி கட்டுவது போல இல்லை. கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும். வெளியே தெரிகிற பங்கு முன்பக்கம் துளி சாய்ந்திருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. சிமெண்ட் கிடையாது. வழி பிரிகிற இடங்களில் இடுப்பு உயரத்துக்குக் கல்லடுக்கு. அடியில் மூன்று பெரிய கல், மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்த்து அடுக்கி, உச்சிக்கல்லில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை அடிக்க வேண்டும். ஓர் அடுக்கின் பக்கத்தில் நின்றால் அடுத்த அடுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தீவுக்கு ஆண்டில் இரண்டு மூன்று மழைதான். ஆனால் அந்த இரண்டு மூன்றும் எல்லாவற்றையும் உருட்டிவிட்டுப் போகும்.

எங்கள் சூப்பர்வைசர் நாசர் அந்தத் தீவிலேயே பிறந்தவர். ஓமானி. இளமையில் மீன்பிடி, பிறகு பட்டாளம், பிறகு இந்த வேலை. எங்களோடு இந்தியில் பேசுவார், கோபம் வந்தால் இந்தி இன்னும் மெதுவாக வரும். குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாகப் போட்ட படிகளில் தனியாக ஏறுவார். ஒவ்வொரு கல்லையும் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டுவார். ஏதாவது கல் ஆடினால் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார். பிளாஸ்கைத் திறந்து கஹ்வா என்கிற அரபுக் காப்பியை ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார். கீழே வேலை செய்கிற நாங்கள் நிமிர்ந்து பார்த்து, கல் வைத்தவன் கடப்பாரையோடு மேலே போகும் வரை எழுந்திருக்க மாட்டார். போனதும், "ஆஜாவ், சதீக்", வா நண்பா, என்று இடம் விடுவார். அவ்வளவுதான் திட்டு. என் கல்லில் அவர் உட்கார்ந்தது மொத்தம் இரண்டு தடவை. அதை நான் பெருமையாக வைத்திருந்தேன்.

அவர் வகுத்த முறை ஒன்று உண்டு. காலை ஆறரைக்கு விருந்தினர் புறப்படுவார்கள். அதற்கு முன்னால் பாதைக்காரன் ஐந்து மணிக்கே முகடு வரை போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். ஏதாவது சரிந்திருந்தால் அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டி, வழிகாட்டியிடம் நேரில் சொல்லி, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றாலும் பாதை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரவர் மொழியில் எழுதலாம் என்று விட்டிருந்தார். நான் தமிழில் எழுதினேன். விருந்தினர்கள் புறப்படும்போது பலகையிலிருந்து எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றை எடுத்துக்கொள்வார்கள், திரும்பியதும் மாட்டுவார்கள். பலகை நிறைந்தால்தான் அன்றைய வேலை முடிந்தது.

நான் வந்து மூன்றாம் வருஷம் லோகநாதன் வந்தான். இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். என்னைவிட எட்டு வயது இளையவன். சமையலறை உதவிக்கு என்று வந்தான். ஒரு நாள் வழிகாட்டி காய்ச்சலில் படுக்க, இவனை அனுப்பினார்கள். அன்றோடு அவன் கையிலிருந்து கரண்டி போய்விட்டது.

அவனுக்கு மலை பழகின கால். அதைவிட, அவனுக்கு வாய் இருந்தது. காதால் கேட்டே ஆங்கிலம் பேசினான். ஒரு பறவையைக் காட்டினால் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு குடும்பக் கதை மாதிரி சொல்லுவான். கிழவர்கள் மூச்சு வாங்கும்போது, அவர்கள் வெட்கப்படாதபடி, தனக்கே களைத்துவிட்டது போல உட்காருவான். விருந்தினர் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் லோகன், லோகன் என்று எழுதிவைத்தார்கள். நான் போட்ட படியில் நின்று அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். காலுக்குக் கீழே இருப்பதை யார் வைத்தது என்று ஒருவர் கேட்டதில்லை.

நானும் அவனும் ஒரே ரூம். என் மனைவி தனலட்சுமி வீடியோ காலில் வந்தால் இரண்டு நிமிஷம் என்னோடு பேசுவாள், பிறகு, "அந்தத் தம்பி இருக்காரா? நேத்து ஆமைக் கதைய பாதியில விட்டுட்டாரு, புள்ள கேக்குது" என்பாள். போனை அவனிடம் கொடுத்துவிட்டு நான் துணி மடிப்பேன். என் மகள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

ஒரு தடவை நானே நாசரிடம் போய், எனக்கும் ஒரு நாள் வழிகாட்டி வேலை கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். ஆறு பேரை அழைத்துப் போனேன். இது கல், இது மலை, அது கடல், இதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. திரும்பி வந்ததும் ஓர் அம்மா அலுவலகத்தில், நாளைக்கு லோகன் கிடைப்பாரா என்று கேட்டார். நான் வாசலில் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்த்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

அதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். சில வருஷம் கழித்து ஒரு பெருநாளைக்கு நாசர் லோகநாதனைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. ஏழு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அவர் வீட்டுத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றதை லோகநாதன் ரூமில் வந்து சொன்னபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவன் எனக்கென்று பொட்டலத்தில் கொண்டுவந்த இறைச்சியைத் தொடவே இல்லை. "வயிறு சரியில்லடா" என்றேன்.

மார்ச் கடைசி. தலைமை வழிகாட்டி என்று ஒரு பதவியைப் புதிதாக உண்டாக்கப் போவதாகவும், நாசர் லோகநாதன் பெயரைச் சொல்லியிருப்பதாகவும், அதற்காக மஸ்கட்டிலிருந்து மேனேஜர் வந்து மேற்குப் பாதையில் அவனோடு நடக்கப் போவதாகவும் பேச்சு வந்தது. மேனேஜர் வந்து சேர்ந்த அன்றிரவு நல்ல மழை.

விடிகாலையில் நான் வழக்கம்போல ஏறினேன். முகட்டுக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் கல்லடுக்கு சரிந்து கிடந்தது. இடதுபக்கம் எங்கள் பாதை. வலதுபக்கம் ஆட்டுத் தடம் ஒன்று ஓடைப்பள்ளத்தில் இறங்கும், பாதி வழியில் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக முடிந்துபோகும். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போனதில், ஆட்டுத் தடம்தான் இப்போது அகலமாக, சுத்தமாக, பாதை மாதிரி தெரிந்தது.

அடுக்கைத் திரும்ப வைக்க அரைமணி நேரம் போதும். சிவப்புத் துணி என் பையில் இருந்தது. நான் அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் முன்னால் லோகநாதன் இந்த இடத்தில் வந்து திகைத்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பத்து நிமிஷம் தடுமாறட்டும். பாதையைப் போட்டவன் இல்லாமல் வாயால் மட்டும் நடக்க முடியாது என்று எல்லாரும் ஒரு தடவை பார்க்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். இறங்கி வந்து ரிஜிஸ்டரில் 'பாதை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசலில் லோகநாதன், "மழைக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணே?" என்று கேட்டான். "எல்லாம் இருக்கு, போ" என்றேன்.

வில்லை எடுத்துக்கொண்டு ஒன்பது பேர் போனார்கள். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை. பலகையில் எட்டு வில்லைதான் மாட்டியிருந்தது.

வராதவர் பூனாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. அறுபத்தெட்டு வயது. மழைக்குப் பூத்த சின்னப் பூக்களைப் படம் பிடித்துக்கொண்டே பின்தங்கியிருக்கிறார். லோகநாதன் பாதை பிரிகிற இடத்தில் கல் சரிந்து கிடப்பதைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்களை இடதுபக்கம் திருப்பியிருக்கிறான். மேனேஜர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனதில், பின்னால் எண்ணிப் பார்க்கவில்லை. ஆமைக் கடற்கரை வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. பாதி தூரம் வரை திரும்பிப் போய்க் கத்திப் பார்த்துவிட்டு, ஒருவேளை விடுதிக்குத் திரும்பியிருப்பாரோ என்று மற்றவர்களை அழைத்துக்கொண்டு கடலோர வழியாக வந்திருக்கிறான்.

நாசர் எல்லாரையும் நிறுத்தி, யார் எந்தப் பக்கம் தேடுவது என்று பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் இரண்டு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

செங்குத்துக்குக் கீழே, பாறையோடு பாறையாகக் கிடந்தார். இடது கணுக்கால் திரும்பியிருந்தது. நிழலே இல்லை. முகம் சிவந்து, வியர்வை நின்றுபோயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. மராத்தியில் யாரோ ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லிக்கொண்டே இருந்தார். என் சட்டையைக் கழற்றி நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டேன். துளித்துளியாக உதட்டில் தண்ணீர் விட்டேன். வெயில் அவர் மேல் படாதபடி குனிந்து நின்றேன். வாக்கிடாக்கியில் இடத்தைச் சொன்னேன். ஹெலிகாப்டர் வர ஒரு மணி நேரமும் கொஞ்சமும் ஆனது. அந்த நேரம் முழுக்க, செத்துப்போயிடாதீங்கம்மா, செத்துப்போயிடாதீங்கம்மா என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி அவருக்காக இல்லை, எனக்காக.

அவர் பிழைத்துக்கொண்டார். காலில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மகனை விட்டுப் போன் போட்டு, "பேட்டா, நீதான் என்னைக் காப்பாற்றினாய்" என்று இந்தியில் அழுதார்.

மேனேஜர் என் தோளில் தட்டினார். எனக்குப் பாராட்டுக் கடிதம். லோகநாதனைத் திரும்பச் சமையலறைக்கு அனுப்பினார்கள். வழிகாட்டி வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆசைப்பட்டதெல்லாம் ஒரே வாரத்தில் என் கைக்கு வந்தது.

விபத்து நடந்த அன்று மாலையே நாசர் ரிஜிஸ்டரை லோகநாதனிடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தார். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். இருப்பதை இருக்கிறபடி படித்துக் காட்டினான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காற்றில் பிறகு சரிந்திருக்கலாம் என்று நாசர் விட்டுவிட்டார். ஆனால் லோகநாதனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். என் ஷூவின் குதிகாலில் டயர் ரப்பர் ஒட்டு போட்டிருந்தேன். அந்த ஈரமண்ணில், சரிந்த கற்களைச் சுற்றி, அந்த ஒட்டின் தடம் இருந்திருக்கும்.

ரூமில் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு ஆக்கினான், எனக்கும் போட்டான். பதினோராம் நாள் மத்தியானம் நான் உள்ளே வந்தபோது அவன் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வழிகாட்டிகளுக்கான பச்சைச் சட்டை, அவனுடையது.

"புதுசு வர ஒரு மாசமாகுமாம். இது ஒங்களுக்கு அளவாத்தான் இருக்கும். போட்டுப் பாருங்க" என்று நீட்டினான்.

அவன் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சட்டையை வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு நேரே நாசரிடம் போனேன்.

நாசர் முழுதும் கேட்டார். பிறகு ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"படி."

"பாதை சரி."

"இந்தியில் சொல்."

"ராஸ்தா டீக் ஹே."

"இன்னொரு தடவை."

மூன்று தடவை சொல்லவைத்தார். தனக்கு மட்டும் கஹ்வா ஊற்றிக்கொண்டார். "எண்ணாமல் போனது என் தப்பு என்று லோகன் அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னான். உனக்குப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது" என்றார், மிக மெதுவான இந்தியில். பிறகு அந்த ஆசிரியையின் நம்பரைப் போட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

சொன்னேன். "நானும் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்" என்றார். "ஆனால் நீ என் பக்கத்தில் நின்றாயே, அப்போதே சொல்லியிருக்கலாமே." அத்தோடு வைத்துவிட்டார். பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை.

விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவார்கள் என்று பெட்டியைக் கட்டி வைத்தேன். மஸ்கட்டிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆனால் நாசர் என்னை அனுப்பவில்லை. மறுநாள் காலை இருவரையும் வாசலில் நிறுத்தினார். லோகநாதனிடம் பச்சைச் சட்டையைக் கொடுத்தார். "நீ முன்னால்." என்னைப் பார்த்து, "நீ கடைசி. உனக்குப் பின்னால் ஒரு விருந்தினர்கூட இருக்கக் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்" என்றார். அன்றைய தேதியைத்தான் இப்ராஹிம் ரிஜிஸ்டரில் பார்த்திருக்கிறார்.

பொறாமைக்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஆறு வருஷம், சீசன் முழுக்க, விடிகாலையில் பாதையைப் பார்த்துவிட்டு வந்து, தினமும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவன் சொல்லுகிற எல்லாக் கதையும் காற்றில் பின்னால் வரும். விருந்தினர்கள் சிரிப்பது தெரியும். முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு, யார் காலை இழுக்கிறார், யார் தண்ணீர் குடிக்காமல் வருகிறார், யார் வெட்கப்பட்டு வலியைச் சொல்லாமல் இருக்கிறார் என்று முதுகை வைத்தே சொல்லப் பழகினேன். வாட்ச்சுக்கு ஆள் நிற்கும் இடம் தெரியும். ஏன் நிற்கிறார் என்று தெரியுமா, தெரியவில்லை. மேனேஜர் யோசிக்கட்டும். அந்த ஆறு வருஷத்தில் பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது அதற்கு மேல் இன்னொரு அடுக்குக் கல். என்னைவிட நன்றாகப் பேசுகிறவன், எல்லாருக்கும் பிடித்தவன், கூடவே என்னைவிட நல்லவன். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் வேலையிலிருந்து நின்று கிளம்பிய நாளில் லோகநாதன் துறை வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாசர் முந்தின வருஷமே ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் வேலையையும் சேர்த்து அப்போது லோகநாதன்தான் பார்த்தான். படகு வரத் தாமதமானது. பெட்டியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நீங்க என்னையத்தானே விழுத்தப் பாத்தீங்க?"

"ஆமாண்டா" என்றேன். "ஒன்னைய மட்டுந்தான். பத்து நிமிசம் நீ முழிக்கணும்னு நெனச்சேன். அந்தம்மா நெனப்பே எனக்கு இல்ல."

"விளங்கிச்சு. எனக்கு அன்னைக்கே விளங்கிச்சு." பிறகு சொன்னான்: "நானும் ஒண்ணு சொல்லணும். இந்த ஆறு வருசமும் பாதைய ஒங்கள நம்பித்தான் நடந்தேன்னு நெனச்சிருப்பீங்க. ஆனா நாசருக்கிட்ட கேட்டு ஒரு பழக்கம் வச்சிருந்தேன். நீங்க காலையில பாத்துட்டு எறங்கினதுக்குப் பொறகு, அந்தப் பிரியிற எடத்துக்குக் குறுக்கு வழியில ஒரு பையன அனுப்பி, கல்லு இருக்கான்னு பாக்கச் சொல்லுவேன். ஒரு நாள்கூட விடல. கோவிச்சுக்காதீங்க."

நான் கோபப்படவில்லை. படகு வந்தது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு போன் எடுங்க. தனலட்சுமி அக்காவ கேட்டதா சொல்லுங்க" என்றான்.

படகு கிளம்பி, தீவு ஒரு கறுப்புக் கோடாகும் வரை நான் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷம் அவன் என்னை நம்பவில்லை. மறக்கவும் இல்லை, முழுதாக மன்னிக்கவும் இல்லை. என்னைப் போலவே அவனும் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, எனக்குச் சோறு ஆக்கிப் போட்டு, என் முன்னால் நடந்திருக்கிறான். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனை நினைத்தபோது எனக்குப் பொறாமை வரவில்லை.